பிள்ளைபிடிக்கிற சாமி

என் வயதுக்காரிகளே, நமக்கெல்லாம் பல் போய்விட்டது, முட்டி போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. இந்தக் கிழவி வாயை மூடவே மாட்டாளா என்று என் மருமகள் அடுப்படியில் முனகுவது எனக்கும் கேட்கிறது. மூடியவள்தான் நான். ஏழெட்டு வயதில், ஓர் ஆடிக் கிருத்திகை அன்று மூடிய வாயை வாரக்கணக்கில் திறக்காமல் இருந்தவள். அதை உங்களுக்காக எழுதி வைக்கிறேன். எனக்கு எழுத்து பிந்தி வந்தது. ஒரு வரி முடிப்பதற்குள் ஒரு வெற்றிலை மென்று துப்பிவிடலாம். எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்கு இருந்தால் எழுந்து போங்கள்.

எங்கள் ஊர் திருத்தணிக்கு மேற்கே, ஆர்.கே.பேட்டை போகிற பாதையில். கிணற்றுப் பாசனம், நெல், வேர்க்கடலை, தொழுவம் நிறைய மாடு. எங்கள் வாசலுக்கு வந்து வெறுங்கையோடு திரும்பியவர் கிடையாது என்று நைனா ஊரில் சொல்லிக்கொள்வார். அது பொய்யும் இல்லை. எனக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. கடைசியாகத் தம்பி பிறந்தான். யுத்த காலம். மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் வரிசையில் நின்ற வருஷம். ஆடி பிறந்ததும் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. பால் குடிக்கவில்லை. அழவும் அவனுக்குத் தெம்பு இல்லை. அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

வேண்டுதலை முடிவு செய்தது அத்தை. நைனாவின் அக்கா. புருஷனை இழந்து எங்கள் வீட்டோடு வந்தவள். சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருக்கும்.

"இவ முடி, இவ மடிப்பிச்ச, இவ வாயி. மூணும் முருகனுக்கு" என்றாள் என்னைக் காட்டி.

முடி உங்களுக்குத் தெரியும். மடிப்பிச்சையும் நம்மில் சிலர் எடுத்திருப்பீர்கள். காணி பூமி உள்ள வீடுதான் அதை எடுக்கும். மஞ்சள் துணி கட்டி, முந்தானையை மடியாக ஏந்தி, வீடு வீடாகப் போய் நின்று அரிசி வாங்க வேண்டும். கொடுக்கிறவர்கள் நீ யார் என்று கேட்க மாட்டார்கள். உன் முன்னால் நானும் பிச்சைக்காரன்தான் சாமி என்று ஒப்புக்கொள்வதுதான் அந்த வேண்டுதல். வாங்கிய அரிசியை மலைமேல் பொங்கி, சோறில்லாதவர்களுக்குப் போட்டுவிட்டு வர வேண்டும்.

மூன்றாவதுதான் கடினம்.

"மலமேல சாமியக் கண்ணால பாக்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தன்னா உன் தம்பி நிக்க மாட்டான். இன்னாடி, புரிஞ்சுதா?"

"ஆங்."

"இதான் கடேசி ஆங்."

அம்மா தம்பியோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். அத்தையும் நானும் வண்டி கட்டிக்கொண்டு திருத்தணிக்குப் போனோம். அடிவாரத்துக் குளத்தங்கரையில் எனக்கு மொட்டை அடித்தார்கள். சந்தனம் பூசியதும் தலை குளிர்ந்தது. அதற்கு மேல் வெயில். அடிவாரத் தெருக்களில் மடியேந்தி அரிசி வாங்கினேன். மடி கனத்தது. காவடிக் கூட்டம் படியைப் பார்த்து ஒரே நேரத்தில் தள்ளியது. அத்தையின் கை வியர்வையில் வழுவழுவென்று இருந்தது. அது எப்போது என் கையை விட்டு நழுவியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பம்பைச் சத்தத்துக்குள் அத்தை என்னைக் கூப்பிட்டிருப்பாள். நான் எதிர்க்குரல் கொடுக்க முடியாது. ஸ்டேஷன் ரோட்டுப் பக்கமாக ஒரு சந்தில் ஒதுங்கினேன். மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண் இருட்டியது.

விழித்தபோது மாட்டு வண்டியில் படுத்திருந்தேன். பினாயில் நாற்றம். என் பக்கத்தில் வாந்தி எடுத்துத் துவண்ட ஒரு கிழவர், யாரோ விட்டுப்போன ஒரு கைக்குழந்தை. வெள்ளை அங்கி போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி என் நெற்றியில் ஈரத்துணி வைத்திருந்தாள். எல்லாரும் அவளை மதர் என்றார்கள். திருநாள் கூட்டத்தில் விட்டுப் போகிற நோயாளிகளையும் பிள்ளைகளையும் பொறுக்கிச் சேர்ப்பது அவள் வேலை என்று பிறகு தெரிந்தது.

"குழந்தாய், உன் பெயர் என்ன? உன் தாய் எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டாள். புத்தகத்தில் படித்த தமிழ்.

நான் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டேன். மதரோடு தெற்கே கடற்கரையிலிருந்து வந்த ஆயா ஒருத்தி வண்டியில் இருந்தாள்.

"ஊமப் பிள்ள மதர். மொட்டயடிச்சு, மடியில பிச்ச அரிசியக் கட்டிவிட்டுட்டுப் போயிருக்காவ. பெத்தவ மனசப் பாத்தீயளா" என்றாள்.

மலையைக் காட்டினேன். கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். மதர் என் கையைப் பிடித்து மெல்ல இறக்கி முத்தம் கொடுத்தாள். "பயப்படாதே. இனி உன்னை எவரும் அங்கே அனுப்பமாட்டார்கள்."

வண்டி ஊருக்குள்ளேயே மதர் நடத்திய அநாதைப் பிள்ளைகள் விடுதியில் போய் நின்றது. அன்று சாயங்காலம் என் மடி அரிசியை ஆயா களைந்து, அந்த விடுதிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கஞ்சி வைத்தாள். முருகனுடைய அரிசி. பானையைத் தடுக்கப் போனேன்; பசியில் பறக்கிறேன் என்று நினைத்து எனக்குத்தான் முதல் தட்டில் ஊற்றினார்கள். நான் குடிக்கவில்லை. எங்கள் வீட்டில் கொடுத்துத்தான் பழக்கம். வரிசையில் தகரத் தட்டோடு நின்றது அதுதான் முதல்முறை.

எனக்குப் பக்கத்துப் பாயில் என்னைவிட இரண்டு வயது பெரியவள் ஒருத்தி படுப்பாள். அவள் வாய் ஓயாது, நாக்கில் ஓணான் ஓடும்.

"ஏ ஊமச்சி, கஞ்சி குடிக்காம ஜமீன்தாரு ஊட்டுப் பொண்ணாட்டம் மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற? நாளைக்கு பிரியாணி வரும், குந்திகினு இரு."

இரண்டு நாள் கழித்து அவளே சாதாரணமாகச் சொன்னாள். "எனக்கும் இதே மாதிரி மஞ்சத்துணி கட்டித்தான் எங்கம்மா கூட்டியாந்துச்சு. முறுக்கு வாங்கியாறேன்னு போச்சு. மஞ்சத்துணி கட்டினா பிச்ச ஜாஸ்தி உழுமாம், வயிறு காயாதாம். எவ்ளோ நல்ல மனசு பாரு."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. அத்தை கை தானாக நழுவியதா, அவளே விட்டாளா? தம்பிக்காக முடியைக் கொடுத்தார்கள், அரிசியைக் கொடுத்தார்கள், என்னையே கொடுத்துவிட்டார்களோ? கேட்க வாய் வேண்டும். வாய் திறந்தால் தம்பி போய்விடுவான். எங்கே திரும்பினாலும் முட்டியது.

திருநாள் கூட்டம் கலையும்போது ஊரில் வாந்திபேதி பரவியது. விடுதிக் கதவைப் பூட்டி, வாசலில் சுண்ணாம்புத்தூள் கொட்டினார்கள். யாரும் வெளியே போகக் கூடாது. நாங்கள் படுக்கும் கூடத்துக்குக் கம்பி போட்ட ஒரே ஜன்னல். அதில் மலை தெரியும். படிக்கட்டு வெள்ளைக் கோடாகத் தெரியும். விளக்கு வைத்தால் மேலே மினுக்கும். ஓடினால் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்தான். அத்தனை கிட்டே இருந்ததுதான் பெரிய கொடுமை. தொலைவில் இருந்திருந்தால் அழுது ஓய்ந்திருப்பேன்.

கூடத்துச் சுவரில் மூன்று படங்கள். ஒன்றில் தாடிக்காரர் கையில் மணியோடு கடற்கரையில் நடப்பார். கப்பலேறி வந்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி வேதம் சொன்னாராம். இன்னொன்றில் கிழிந்த அங்கியோடு ஒருவர் திருவோட்டை ஏந்தி நிற்பார், தோளில் குருவி. மூன்றாவதில் ஒரு கிழவர். பனி கொட்டுகிற தெரு. கறுப்புப் போர்வைக்குள் ஒரு குழந்தையை ஒளித்துக்கொண்டு போகிறார். இன்னொன்று அவர் காலைப் பிடித்திருக்கிறது. தெருவில் விட்டுப்போன பிள்ளைகளை எடுத்து வளர்த்த புனிதர் என்று மதர் சொல்வாள். பெயர் என் வாயில் நுழையாது. அழுகிற பிள்ளையைப் போர்வைக்குள் போட்டுக்கொண்டு போகிறவனை எங்கள் ஊரில் என்னவென்று சொல்வார்கள்? நான் அவருக்குப் பிள்ளைபிடிக்கிற சாமி என்று பெயர் வைத்தேன். அவருக்கு முதுகைக் காட்டித்தான் படுப்பேன். மதர் செய்கிற வேலைக்கு அவர்தான் வாத்தியார் என்பது மட்டும் எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு மத்தியானம் கஞ்சி நேரம். மாட்டுக் கழுத்துச் சலங்கை கேட்டது. உங்கள் வீட்டு மாட்டுச் சலங்கை உங்களுக்குத் தெரியாமல் போகுமா? ஜன்னலுக்கு ஓடினேன். வெளியே எங்கள் வண்டி. நைனா இறங்கி நின்றார். தலைப்பாகை இல்லை. அவரைத் தெருவில் வெறுந்தலையாக நான் பார்த்ததே கிடையாது.

பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற காவல்காரரிடம் கேட்டார். "மொட்ட போட்ட பொண்ணு, மஞ்சத்துணி. கிருத்திகையில காணாமப் பூட்டுது. இங்க எதுனா வந்துதா?"

"இங்க கீறதெல்லாம் பெத்தவங்க இல்லாத அநாதப் பசங்க, பிச்சக்காரப் பசங்கதாங்க. மொட்ட நெறைய கீது. பாக்கறீங்களா?"

நைனா நிமிர்ந்தார். "பிச்சக்காரப் பசங்க நடுவுல எம் பொண்ணு எதுக்குய்யா இருக்கப் போவுது?"

நைனா என்று ஒரு வார்த்தை. அது தொண்டைக்குழிவரை வந்துவிட்டது. கையை வாய்க்குள் திணித்துக் கடித்தேன். மறு கையில் இருந்த தகரத் தட்டால் ஜன்னல் கம்பியை அடித்தேன். ஓங்கி ஓங்கி அடித்தேன். கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் அதே நேரத்தில் தட்டுகளைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நைனா அந்தச் சத்தம் வந்த பக்கம் ஒருதரம் பார்த்து, முகத்தைச் சுளித்து, வண்டியில் ஏறினார். சலங்கை தேய்ந்து தேய்ந்து போய்விட்டது. என் பல் பதிந்த தழும்பு இந்தக் கட்டைவிரல் அடியில் இன்னும் இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.

அதற்குப் பிறகு கஞ்சியைக் குடித்தேன். நைனா என்னைத் தேடுகிறார், விட்டுப் போகவில்லை. உடம்பில் தெம்பு இருந்தால்தான் மலை ஏற முடியும்.

ஒரு சாயங்காலம் மதர் இரண்டாவது படத்தைக் காட்டிக் கதை சொன்னாள். ஓடு ஏந்தியவர் பெரிய துணி வியாபாரி வீட்டுப் பிள்ளையாம். பட்டும் குதிரையும் இருந்ததாம். எல்லாவற்றையும் விட்டு ஆண்டவருக்காக வீடு வீடாகப் பிச்சை எடுத்தாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது மடிப்பிச்சையேதான். எழுந்து ஓடி அந்தப் படத்தைத் தொட்டேன், என் நெஞ்சைத் தொட்டேன், பாவாடையை மடியாக ஏந்திக் காட்டினேன். நானும் அப்படித்தான், நானும் பெரிய வீட்டுப் பிள்ளைதான்.

மதரின் கண் நிறைந்துவிட்டது. "பார்த்தீர்களா? இவள் அவரைப் போல் ஆக விரும்புகிறாள்" என்றாள் ஆயாவிடம். "இந்தப் பிள்ளையை ஆண்டவர் அழைக்கிறார். இவள் நாவு திறக்க ஒன்பது நாள் செபம் செய்வோம்."

எத்தனை நல்ல மனது. கயிறு இன்னும் ஒரு சுற்று இறுகியது.

அந்த ஒன்பது நாளும் சாயங்காலம் என்னை நடுவில் உட்காரவைத்து, பிள்ளைகள் முட்டிபோட்டு, பிள்ளைபிடிக்கிற சாமியிடம் எனக்குப் பேச்சு கேட்டார்கள். பிஞ்சுகள்கூட எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டன. முதலில் தம்பிக்காக வாயை மூடினேன். இப்போது தவறி ஒரு இருமல் வார்த்தையாக வந்தாலும் அதை அந்தக் கிழவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். முருகனை ஏமாற்றியவள் ஆவேன். தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று வாயில் துணியை வைத்துக்கொண்டு படுத்தேன்.

பக்கத்துப் பாய்க்காரி அதைப் பார்த்துவிட்டாள். என் முகத்துக்குக் கிட்டே வந்து, "ஏ, நீ ஊமை இல்ல" என்றாள் மெதுவாக. "உனக்கு பேச்சு வருது. பேசினா இன்னா ஆவும்?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது. அவள், "சரி, நான் சொல்ல மாட்டேன்" என்று திரும்பிப் படுத்தாள். ஓயாமல் பேசுகிற அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாளுக்குள் வாந்திபேதி தணிந்து, கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். புனிதர் படத்தை மாட்டு வண்டியில் ஜோடித்து ரோட்டில் ஊர்வலம் கொண்டுபோனார்கள். பொழுது சாய்கிற வேளை. வெள்ளைக் கவுன் போட்டு, ஆளுக்கொரு மெழுகுத்திரி. பாட்டு பாடிக்கொண்டு போனோம். நான் பாடாமல் போனேன். மலைக்குத் திரும்புகிற முக்கு வந்தது. பக்கத்துப் பாய்க்காரிக்கு என் கண் போன இடம் தெரிந்துவிட்டது. தன் மெழுகுத்திரியைக் கீழே போட்டு, "ஐயோ, கை சுட்டுக்கினேன்" என்று ரோட்டில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். எல்லாரும் அவளைச் சுற்றினார்கள்.

நான் ஓடினேன்.

குளத்தங்கரை, சத்திரம், பூக்கடை, படி. பின்னால் மதர் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவரும் சத்தம். "அம்மா, பூட்ஸு, பூட்ஸு, கயட்டுங்க" என்று கடைக்காரர்கள் கத்துகிறார்கள். திரும்பிப் பார்த்தேன். மதர் நின்று, ஒரு காலைத் தூக்கி, பூட்ஸைக் கழற்றிக் கடை ஓரம் போட்டுவிட்டு, கறுப்புக் காலுறையோடு படி ஏறுகிறாள். நான் நிற்கவில்லை. மூச்சு நெஞ்சில் குத்தியது. படிக்கல்லின் சூடு உள்ளங்காலில் ஏறியது. அதுவரை எந்த வலியும் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

மேலே கூட்டம் இல்லை. உள்ளே ஓடி, தீபாராதனை நேரம், அந்த வெளிச்சத்தில் சாமியைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். உடனே வரவில்லை. துருப்பிடித்த கிணற்றுக் கப்பி மாதிரி ஒரு கிறீச்சு. பிறகு வந்தது. "அரோகரா." இன்னொருதரம். குருக்கள் திடுக்கிட்டு என்னைப் பார்த்து, திருநீறு கொடுத்தார்.

வெளியே வந்தேன். மதர் கோயிலுக்குள் வரவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். காலுறை கிழிந்து பெருவிரல் தெரிந்தது.

"நான் கேட்டேன். நீ பேசினாய்" என்றாள்.

"ஆங்."

"உன்னைப் பேசவைத்தது யார், குழந்தாய்?"

"யாரும் பேச வைக்கல. நான்தான் மூடிகினு இருந்தேன். தம்பிக்கு வேண்டுதல்." பிறகு நிறுத்த முடியவில்லை. ஊர் பெயர், நைனா பெயர், கிணறு, மாடு, மடிப்பிச்சை, அத்தை, எல்லாம் கொட்டியது. கடைசியாகச் சொன்னேன்: "நாங்க பிச்சக்காரங்க இல்ல. எங்க ஊட்ல நாங்கதான் போடுவோம்."

மதர் திரும்பிக் கீழே ஊர் விளக்குகளைப் பார்த்தாள். அந்தப் படத்தை நான் தொட்டது, மடி ஏந்திக் காட்டியது எல்லாம் அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "நான் உன்னைத் திருடி வந்துவிட்டேன்" என்றாள். இறங்கும்போது அவள் பெருவிரலில் ரத்தம் இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் காலையில் அவளே வண்டியில் என்னை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தாள். குளத்தில் வலைபோட்டுத் தேடி ஓய்ந்து, என்னைச் செத்தவள் என்று முடிவுகட்டியிருந்தார்கள். வாசலில் முதலில் பார்த்தது அத்தை. பாதியாக இளைத்திருந்தாள். ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்துக் கேட்ட முதல் கேள்வி:

"வாயத் தொறந்தியா?"

"மலமேலதான் தொறந்தேன்."

அப்புறம்தான் அழுதாள். உள்ளே அம்மா மடியில் தம்பி சப்புக்கொட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தான். கன்னம் உப்பியிருந்தது. நான் பேசாமல் காப்பாற்றிய அந்தப் பிள்ளை, இன்றைக்குக் கிழவனாகி, நாலு பேர் கூடிய இடத்தில் என்னைப் பேசவிடுவதில்லை.

நைனாவுக்கு மட்டும் மானம் போய்விட்டது. தட்டுச் சத்தத்தை நான் சொன்னதும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கோபம் மதர்மேல் திரும்பியது. இரண்டு மூட்டை நெல்லைத் தூக்கிவரச் சொல்லி அவள் வண்டியண்டை போடவைத்தார். "எம் பொண்ணு தின்ன கஞ்சிக்கு. ஓசியில தின்னான்னு ஒருத்தன் பேசக் கூடாது."

"விலைக்கு வேண்டாம், ஐயா" என்றாள் மதர். "நான் வாரந்தோறும் கடைத்தெருவில் பிச்சை எடுத்துத்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பொங்குகிறேன். பிச்சையாகப் போடுங்கள், வாங்குகிறேன்." சொல்லிவிட்டு வெள்ளை அங்கியின் முன்பக்கத்தை மடியாக ஏந்தி நின்றாள்.

அம்மா தம்பியை அத்தையிடம் கொடுத்துவிட்டு, முறத்தில் அரிசி அள்ளி வந்து, மடிப்பிச்சைக்காரர்களுக்குப் போடுகிற மாதிரி இரண்டு கையாலும் அந்த மடியில் சரித்தாள். பிறகு கேட்டாள்.

"எங்களுக்கு மல ஏறினா வேண்டுதல் தீந்துடும்மா. உங்களுக்கு எப்ப தீரும்?"

"எனக்கு இன்னும் மலையே தெரியவில்லை, அம்மா" என்றாள் மதர்.

அதற்குப் பிறகு அறுப்பு முடிகிற ஒவ்வொரு தை மாதமும் எங்கள் வாசலுக்கு வருவாள். நைனாவே மூட்டையைத் தூக்கி வைப்பார். நான் கல்யாணமாகிப் போய், பிள்ளை பெறத் தாய்வீடு வந்திருந்த வருஷம், வண்டியிலிருந்து இறங்கியது வேறொருத்தி. அதே வெள்ளை அங்கி, கறுத்த முகம், வாயோரம் ஒரு சிரிப்பு. அம்மா முறத்தோடு வந்து நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தம்மா மல ஏறிட்டாங்களா?"

"ஆங். கார்த்திக மாசம் ஏறிட்டாங்கம்மா" என்றாள் வந்தவள். மடியை ஏந்தினாள். அம்மா அரிசியைச் சரித்தாள். அப்புறம் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா ஊமச்சி, நல்லாகீறியா? இப்பனா வாயத் தொறந்து பேசுவியா?"

பக்கத்துப் பாய்க்காரி. மெழுகுத்திரியைக் கீழே போட்டவள். முறுக்கு வாங்கப் போன அம்மா திரும்பி வராதவள். அவளிடம் கேட்க எனக்கு எத்தனையோ இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே காத்திருந்தாள். அன்றைக்கு எனக்கு எந்த வேண்டுதலும் இல்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. போய் அவள் மடியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.